தொடக்கநிலையாளரும் ஒலித்தொகுப்பியும்: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை இசைத்த கலைஞரையே பெரும்பாலும் முதன்மைப்படுத்துவர். கருவியை ஆக்கியோர் இரண்டாம் இடத்தைப் பெறுவர். ஆக்கப் பழகியோர் குறிப்பிடப்படுவதே அரிது. சிந்தசைசர் எனப்படும் இலத்திரனியல் ஒலித்தொகுப்பியின் வரலாறு இவ்வழக்கை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. அதன் வளர்ச்சியில், வீட்டு மேசையிலே சுற்றுக்களைப் பொருத்திப் பயின்றோருக்குக் கணிசமான பங்கு உண்டு.

1957இல் கொலம்பியா - பிரின்ஸ்ரன் இலத்திரனியல் இசை நிலையத்தில் நிறுவப்பட்ட ஆர்.சி.ஏ. மார்க் II ஓர் அறையையே நிரப்பியது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய இத்தகைய பொறி தனிமனிதரின் கைக்கு எட்டாதது. ஆயின், இதே காலப்பகுதியில் வேறொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. 1934இல் நியூயோர்க்கிற் பிறந்த றொபேட் மோக், தமது பதினான்காம் வயதில், சஞ்சிகையொன்றில் வெளிவந்த வரைபடத்தைப் பின்பற்றித் தெரமின் என்னும் கருவியை அமைத்தார். 1954இல் அக்கருவியைப் பற்றித் தாமே கட்டுரை எழுதினார். 1961இல் திரான்சிற்றர்களாலான தெரமினை உதிரிப்பாகத் தொகுதியாக விற்றார். வரைபடம் பார்த்துப் பயின்றவர் பிறர் பயிலுமாறு வரைபடம் அளித்தமை இங்கு கருதத்தக்கது.

1963இல் இசையமைப்பாளர் ஹேர்பேட் டொயிச்சைச் சந்தித்த மோக், அடுத்த ஆண்டிலே வோல்ற்றளவாற் கட்டுப்படுத்தப்படும் ஒலித்தொகுப்பியின் முதல் மாதிரியை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் டொன் புக்லா கலிபோர்னியாவில் தனித்து இம்முயற்சியில் ஈடுபட்டார். மோக்கின் முறையில் 1 வோல்ற்று உயருந்தோறும் ஒலியின் மீடிறன் இருமடங்காகும். 440 ஹேர்ட்ஸ் 880 ஆகும். அதாவது சுரம் ஒரு ஸ்தாயி உயரும்.

இவ்விதியைச் சுற்றாக மாற்றுவதிலேயே தொடக்கநிலையாளரின் உண்மையான சோதனை அமைகின்றது. 1972இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் ஒருங்கிணைந்த சுற்றுடன் இரு தடையிகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்தால் ஒலி பிறக்கும். தடையை மாற்றினால் ஒலி உயரும், தாழும். எனினும் ஒரு வோல்ற்றுக்கு ஒரு ஸ்தாயி என்னும் ஒழுங்கு அதில் இல்லை. அதற்கு அடுக்குக்குறித் தொடர்பு வேண்டும். திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்கும் இடையிலான வோல்ற்றளவு ஏறத்தாழ 18 மில்லிவோல்ற்று உயர்ந்தால் சேகரிப்பான் மின்னோட்டம் இருமடங்காகும்; இவ்வியல்பே அத்தொடர்பை வழங்குகின்றது. ஆனால் அது வெப்பநிலையுடன் மாறுவது. அறை சூடேறச் சுரம் பிசகும். ஒத்த இயல்புடைய இரு திரான்சிற்றர்களை அருகருகே அமைத்தும், வெப்பத்தோடு மாறும் தடையியைச் சேர்த்தும் இப்பிசகைக் குறைப்பர். குறைகடத்திப் பௌதிகத்தை நூலிற் கற்ற மாணவன் அதனைச் செவியால் அறிவது இவ்விடத்திலேயே.

1968இல் வெளிவந்த வென்டி கார்லோசின் பாக் இசைத்தட்டு இக்கருவியைப் பெருவழக்காக்கியது. 1970இல் மினிமோக் தோன்றியது. எனினும் அவற்றின் விலை மாணவருக்கு எட்டாததாயிற்று. அவ்விடைவெளியை நிரப்பியோர் வேறு சிலர். 1967இல் ஜோன் சைமன்ரன் தொடங்கிய பையா நிறுவனம் உதிரிப்பாகத் தொகுதிகளை விற்றது. 1972இல் பேர்னி ஹட்சின்ஸ் தொடங்கிய 'இலெக்ட்ரோநோட்ஸ்' மடல் சுற்றுக்களை ஆராய்ந்து வெளியிட்டது. மோக்கின் ஏணிவடிவ வடிகட்டிக்கு 1969இல் வழங்கப்பட்ட காப்புரிமைப் பத்திரமும், உரிமையைக் காத்தபோதே சுற்றினை உலகறியச் செய்தது.

1983இல் வெளிவந்த யமஹா டி.எக்ஸ். 7 இலக்கமுறைக் கருவிகளின் காலத்தை உறுதிப்படுத்தியது. மலிவும் துல்லியமும் பெருகின. ஆனால் கருவியைத் திறந்து பார்ப்பவனுக்குக் கற்பதற்கு அதிற் சிறிதே எஞ்சியது. 1995இல் ஜேர்மனியின் டெப்பர் நிறுவனம் ஏ-100 என்னும் கூறுமுறைத் தொகுதியை வெளியிட்டபின், கூறு கூறாக அமைக்கும் மரபு மீண்டும் தளிர்த்தது. 2013இல் றே வில்சன் தொடக்கநிலையாளருக்கென நூலொன்றையே எழுதினார்.

துல்லியத்தில் இலக்கமுறைக்கு ஒப்பாகாத கருவியைப் புதியோர் இன்றும் ஏன் பொருத்துகின்றனர்? பழமை மீதான பற்று ஒரு காரணமாகலாம். அதனினும் வலியது, காரணமும் காரியமும் கண்முன்னே தொடர்புறும் தெளிவு. திறந்த வரைபடமொன்று ஒரு சிறுவனைக் கண்டுபிடிப்பாளனாக்கியதை மோக்கின் வாழ்வு காட்டுகின்றது. மூடிய பெட்டிகள் பயனாளரைப் பெருக்கும். ஆக்குவோரைப் பெருக்குவது திறந்த அறிவே.