நீரும் மண்ணும்: இப்னு ஸீனா முதல் பங்களாதேஷ் வரை

பிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை ‘தஹாரா’ எனும் தூய்மை பற்றிய பாடத்துடனேயே ஆரம்பிக்கின்றன. அப்பாடமும் நீரின் வகைகளை ஆராய்வதிலிருந்தே தொடங்குகின்றது. அசுத்தம் விழுந்த நீர் தன் தூய்மையை இழந்துவிட்டதா என்பதை அறிய நிறம், சுவை, மணம் ஆகிய மூன்று பண்புகளில் ஏற்படும் மாற்றத்தையே சட்ட அறிஞர்கள் முக்கிய அளவுகோலாகக் கொண்டனர். நீரின் அளவு குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடுகள் இருப்பினும், இம்மூன்று பண்புகளின் முக்கியத்துவத்தில் ஒத்த கருத்தே நிலவுகின்றது. வுழூவுக்குரிய நீரைத் தீர்மானிக்க இவ்வளவுகோல் போதுமானது. எனினும், அருந்தும் நீரின் நலத்தை அறியக் கண்ணும் நாவும் மூக்கும் போதுமா? இவ்வினாவை முஸ்லிம் மருத்துவர்கள் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பங்களாதேஷ் மக்கள் அதற்குப் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது.

மருத்துவரின் பார்வையில் நீர்

ஏறத்தாழ 1025-இல் நிறைவுபெற்ற ‘அல்-கானூன் பித் திப்’ எனும் நூலில் இப்னு ஸீனா (980–1037) நீரின் தன்மைகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். நீரின் குணம் அது ஓடிவரும் நிலத்தைப் பொறுத்தது என்பது அவரது அடிப்படைக் கருத்து. பாறை மீது ஓடும் நீரைவிடக் களிமண் நிலத்தில் ஓடும் நீர் சிறந்தது என்கிறார். களிமண் நீரிலுள்ள அந்நியக் கலப்புகளைப் பற்றிக்கொண்டு அதனைத் தெளியச் செய்கின்றது. கல் அவ்வாறு செய்வதில்லை என்பது அவர் கூறும் காரணம். ஆனால் அக்களிமண் சேறாகவோ உவர் மண்ணாகவோ இருத்தல் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கின்றார். ஈயக் குழாய் வழியே வரும் நீரை மோசமான நீர்களுள் வைக்கும் அவர், அது ஈயத்தின் இயல்பை ஏற்றுக் குடற்புண்ணை உண்டாக்குவதாக எச்சரிக்கின்றார். நீரில் கரைந்து வரும் உலோகம் ஒரு நஞ்சு என்பதற்கான தெளிவான மருத்துவக் குறிப்பு இதுவாகும்.

பயணிகளுக்கு அவர் கூறும் அறிவுரை மேலும் கவனத்திற்குரியது. சொந்த ஊரின் களிமண்ணைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். வழியில் கிடைக்கும் நீரில் அதனை இட்டுக் குலுக்கி, தெளியும்வரை வைத்திருந்து அருந்தவேண்டும் என்கிறார். காய்ச்சுதல், வடித்தல் ஆகிய முறைகளையும் அவர் விளக்கியுள்ளார்.

களிமண் என்பது மிக நுண்ணிய தகடுகள் அடுக்கப்பட்ட ஒரு கனிமம் என்பதை இன்று அறிவோம். அத்தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. ஆதலால் நேர்மின்னேற்றத்துடன் நீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம் போன்ற பார உலோகங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைக் கொண்டு இப்னு ஸீனா நவீன இரசாயனவியலை முன்னறிந்திருந்தார் என வாதிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் நாடியது நீர் தெளிவதையும், பயணியின் உடல் பழகிய மண்ணோடு இணங்குவதையுமே ஆகும். எனினும் மண்ணுக்கு நீரைத் திருத்தும் ஆற்றல் உண்டு என்ற அவரது அவதானிப்பு பிழையற்றது.

தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

ஆர்சனிக்கின் கந்தகக் கனிமமான அரிதாரத்தை அரபு மருத்துவர்கள் ‘ஸர்னீக்’ எனும் பெயரால் நன்கு அறிந்திருந்தனர். சுண்ணாம்புடன் கலந்து முடி நீக்கும் களிம்பாகவும் அது பயன்பட்டது. அவர்கள் கண்டது மஞ்சள் நிறக் கல்லை. நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கோ நிறமும் இல்லை, சுவையும் இல்லை, மணமும் இல்லை.

குளத்து நீரால் பரவிய வயிற்றுநோய்களுக்குப் பல்லாயிரம் குழந்தைகள் பலியாவதைத் தடுக்கவே பங்களாதேஷில் 1970-களில் குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. யுனிசெஃப் நிறுவனமும் அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் இதில் முன்னின்றன. நோக்கம் உயரியது, நீரும் தெளிவாக இருந்தது. அதில் ஆர்சனிக் உண்டா என எவரும் சோதிக்கவில்லை.

1983-இல் கல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே. சி. ஸாஹா மேற்கு வங்க நோயாளிகளிடம் ஆர்சனிக் நஞ்சின் அறிகுறிகளை இனங்கண்டார். பங்களாதேஷில் 1993-இல் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டக் கிணறுகளில் அது உறுதிசெய்யப்பட்டது. 2000 முதல் 2003 வரை ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 29 சதவீதமானவை லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் எனும் அந்நாட்டு வரம்பை மீறியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவோ 10 மைக்ரோகிராம் மட்டுமே. நஞ்சுக் கிணறுகளுக்குச் சிவப்பு வர்ணமும் ஏனையவற்றுக்குப் பச்சை வர்ணமும் பூசப்பட்டன. உள்ளங்கை தடித்தும் தோலில் புள்ளிகள் படர்ந்தும் துன்புற்றோரைத் தொற்றுநோயாளர் எனக் கருதிச் சமூகம் ஒதுக்கியமை இத்துயரின் மற்றொரு பக்கமாகும்.

நஞ்சைத் தந்ததும் நீக்கியதும் இரும்பே

இந்நஞ்சு எங்கிருந்து வந்தது? இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து வந்த வண்டல் மணிகளின் மேல் இரும்பு ஒட்சைட்டுப் படலம் உண்டு. அப்படலம் ஆர்சனிக்கை இறுகப் பற்றி வைத்திருந்தது. ஒட்சிசன் அற்ற நிலத்தடியில் மக்கிய தாவரங்களை உண்ணும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் விடுபடுகின்றது.

தீர்வும் இதனுள்ளேயே இருந்தது. நீரை மீண்டும் காற்றும் இரும்புத் துருவும் தொடச் செய்தால் ஆர்சனிக் பழையபடி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். மூன்று மண்குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணலும் இரும்புத் துருவல்களும் கரியும் இட்ட எளிய வடிகட்டிகள் கிராமங்களில் பயன்பாட்டுக்கு வந்தன. நாளடைவில் இரும்புத் துருவல்கள் இறுகி அடைத்துக்கொண்டமை அவற்றின் குறையாகும். குஷ்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராகப் பணியாற்றிய அபுல் ஹுஸாம், தம் சகோதரர்களுடன் இணைந்து பதப்படுத்தப்பட்ட இரும்புக் கலவையைக் கொண்டு ‘ஸோனோ’ வடிகட்டியை உருவாக்கினார். 2007-இல் கிரெய்ஞ்சர் பரிசாகக் கிடைத்த 10 இலட்சம் டொலரில் 70 சதவீதத்தை வடிகட்டிகளை மக்களுக்கு வழங்க அவர் ஒதுக்கினார்.

இரும்பு ஒட்சைட்டு இயற்கையாகவே செறிந்த கல் செம்புரைக்கல்லாகும். மலப்புரம் மாவட்டத்தின் அங்காடிப்புரத்தில் மக்கள் இதனை வெட்டியெடுத்து வீடு கட்டுவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் பயண நூலில் ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். மலபார் முஸ்லிம்களுக்கு நன்கு பழகிய இந்த வெட்டுக்கல்லைப் பொடித்து, அமிலத்தாலும் காரத்தாலும் பதப்படுத்தி ஆர்சனிக்கை நீக்கும் முறையைக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். இக்கல்லைக் கொண்ட வடிகட்டிகள் மேற்கு வங்கத்தில் அமைக்கப்பட்டன.

ஆயினும் கனிமம் தானாகவே மக்களைக் காப்பதில்லை. அதன் பற்றும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. நிறைவுற்ற வடிகட்டியின் நீரும் முன்போலவே தெளிவாகத்தான் இருக்கும். ஆகவே குறித்த காலத்தில் நீரைப் பரிசோதித்து வடிகட்டும் பொருளை மாற்றாவிடின், வடிகட்டி பொய்யான நம்பிக்கையையே அளிக்கும். ஏறத்தாழ 2 கோடி மக்கள் அப்போதும் வரம்பை மீறிய நீரையே அருந்துவதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016-இல் அறிவித்தமை, பிரச்சினை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை என்பதைக் காட்டுகின்றது.

தீங்கை அகற்றுதல் என்பது ஷரீஆவின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பிக்ஹின் பார்வையில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீர் வுழூவுக்குத் தூய்மையானதே. அருந்துவதற்கோ அது நஞ்சு. இவ்வேறுபாட்டைப் புலன்களால் அறிய முடியாதபோது பரிசோதனையே அதனை அறியும் வழியாகின்றது. அவ்வறிவைப் பெற்ற சிலரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் பர்ளு கிபாயா எனக் கொள்ளத்தக்கது. கிணறு தோண்டுவதை ‘ஸதகா ஜாரியா’வாகக் கருதிப் பொருளுதவி புரிவோர், அந்நீரைத் தொடர்ந்து பரிசோதிப்பதற்கும் அக்கொடையில் ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும்.