பெயரிலிருந்து இலக்குக்கு: நெய்யாற்று நிலத்தின் மருந்துச் செடிகளும் மொழிபெயர்ப்பும்

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு பூவாறுக்கு அருகே கடலில் கலக்கிறது. அதை அடுத்துள்ள பொழியூரோடு கேரளக் கடற்கரை முடிந்து குமரி மாவட்டம் தொடங்குகிறது. ஆற்றுநீர் மணல்திட்டை உடைத்துக் கடலுள் விழும் வாயைப் 'பொழி' என்பது இக்கரையோர வழக்கு. ஊர்ப்பெயரும் அதனடியாகவே பிறந்தது. தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இந்நிலத்தில், ஆற்றின் தலைப்பகுதியில் வாழும் காணிக்காரர் இரண்டிற்கும் இடைப்பட்ட 'மலம்பாஷை'யைப் பேசுகின்றனர். மருந்து வேதியியலின் வரலாற்றில் இந்நிலம் இடம்பெற்ற விதம் வேதியியலாருக்கு மட்டுமன்றி மொழியியலாருக்கும் உரிய செய்தியாகும். மலையில் வழங்கிய ஒரு சொல், ஆய்வுக்கூடத்து வாய்பாடாகவும் சந்தைப் பெயராகவும் மாறும்போது எதை இழக்கிறது, எதைக் காக்கிறது என்பதே ஈண்டு ஆயப்படுகிறது.

மருந்து உடலில் எங்கே சென்று பற்றுகிறது என்னும் வினாவுக்கு நூற்றாண்டுப் பழமை உண்டு. 1894இல் எமில் ஃபிஷர் நொதியையும் அது வினைபுரியும் பொருளையும் பூட்டும் திறவுகோலுமாக உவமித்தார். 1900இல் பவுல் எர்லிக் 'ரெசெப்டர்' என்னும் சொல்லை ஆண்டார். 1905இல் கேம்பிரிட்ஜ் உடலியலார் லாங்லி, தசையில் நிக்கொட்டினையும் குராரேயையும் ஏற்கும் பொருளொன்று இருத்தல் வேண்டும் என்றார். இச்சொல்லைத் தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாக்கம் 'ஏற்பி' எனவும், இலங்கைப் பாடநூல்கள் 'வாங்கி' எனவும் கொண்டன. இரண்டும் தம்மிடம் வருவதைப் பெறும் பொருளைச் சுட்டுவன. பின்னர்ப் பரவிய 'மூலக்கூற்று இலக்கு' என்பதோ வேட்டையின் சொல். இங்கே மருந்து அம்பாகிறது. உடலிலுள்ள புரதம் குறியாகிறது. முதலில் குறியைத் தேர்ந்து, பிறகு அதற்கேற்ற அம்பைச் செதுக்குவது இன்றைய மருந்தாக்க முறை. மரபு மருத்துவம் அவ்வாறு நடந்ததில்லை. அங்கே செடி முன்னும் இலக்கு நெடுங்காலம் பின்னுமாகவே வந்தன.

இதற்கு அமல்பொரி தக்க சான்று. கொச்சியில் டச்சுக்காரரின் மலபார்த் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இச்செடியைச் 'சுவன்ன அமல்பொரி' என்னும் மலையாளப் பெயரின் இலத்தீன் ஒலிபெயர்ப்பால் குறித்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் ஏட்டறிவு அந்நூலுக்கு அடிப்படையாயிற்று. தமிழ் மூலிகைப் பட்டியல்களில் இதே செடி 'சிவன் அமல்பொடி', 'சிவன்மேல்பொடி' என வழங்குகிறது. சிவப்பைக் குறித்த மலையாள அடை தமிழில் கடவுட்பெயராகவும், 'பொரி' என்பது பொடியாகவும் மாறியது நாட்டார் சொற்பிறப்பியலின் விளைவு எனக் கருத இடமுண்டு. மாறாக, தாவரவியல் இச்செடிக்கு ரௌவோல்ஃபியா செர்ப்பெண்டினா என்னும் பெயரை நிலைநிறுத்தியது. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரௌவோல்ஃப் மேற்காசியா வரை பயணம் செய்தவர். மலையாளக் கரையைக் கண்டவரல்லர். பேரினப் பெயர் அவருக்கு நினைவுச்சின்னமாயிற்று. இட்டி அச்சுதன் பெயர் நூலின் முன்னுரைச் சான்றிதழில் உண்டு, இச்செடியின் பெயரில் இல்லை.

1931இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேரின் இரத்த அழுத்தந் தணிக்கும் ஆற்றலை எழுதினர். அதே ஆண்டில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் சித்திக்கியும் அதிலிருந்து அஜ்மலின் முதலிய காரப்போலிகளைப் பிரித்தனர். யுனானி மருத்துவப் பேரறிஞர் ஹக்கீம் அஜ்மல் கான் பெயரை மூலக்கூறு ஒன்றுக்கு இட்டது, அறிவு வந்த வழியைப் பெயரிலேயே பொறித்துவைத்த அரிய செயல். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் கட்டுரை வெளியிட்ட பின்னரே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் பாசல் நகரின் சீபா ஆய்வகத்தில் ரெசெர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1955இல் அது உடலிலுள்ள செரட்டோனின் சேமிப்பை வெறுமையாக்குவதாகத் தெரிந்தது. அம்பு தைக்கும் இடமான ஒற்றையமீன் கடத்திப் புரதத்தின் மரபணு 1992இல்தான் படியெடுக்கப்பட்டது. ரீடின் நூலுக்கும் இலக்குக்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டுகள்.

இரண்டாவது செடியின் வரலாறு வேறு. 1987இல் தாவரவியலார் புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அகத்தியமலைக் காடுகளில் ஆய்வு மேற்கொண்டது. உடன் சென்ற காணி வழிகாட்டிகள் சிறு கனிகளைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் குழுவினர் கண்டனர். செடி எதுவென்பதைச் சொல்ல அவர்கள் முதலில் தயங்கினர். அது தம்மவர்க்கேயுரிய அறிவு என்பதே காரணம். பின்னர்க் காட்டப்பட்ட செடி டிரைக்கோப்பஸ் சைலானிக்குஸ், திருவிதாங்கூர் உள்ளினம். பேரினப் பெயரைக் கெர்ட்னர் 1788இல் இட்டார். மயிர்போன்ற காம்புடையது என்பது அதன் பொருள். சிற்றினப் பெயர் இலங்கையையும் உள்ளினப் பெயர் திருவிதாங்கூரையும் சுட்டுகின்றன. காணிக்காரரைச் சுட்டும் சொல் அதில் எங்கும் இல்லை.

நூல்வழக்கில் நிலைத்த பெயர் 'ஆரோக்கியப்பச்சை'. ஆங்கிலக் கட்டுரைகள் இதனை 'என்றும் பசுமையான நலத்தின் ஊற்று' என்னும் பொருள்பட விரித்தெழுதுகின்றன. அழகாயினும் இது மிகைப்பெயர்ப்பே. மலையாளத்தில் 'முறிகூட்டிப்பச்சை', தமிழில் 'திருநீற்றுப்பச்சை' என்பவற்றில் ஈற்றுச்சொல் 'பூண்டு' என்னும் அளவிலேயே நிற்கிறது. வெட்டுக்காயத்தைக் கூட்டும் பூண்டு முறிகூட்டிப்பச்சை எனின், நலந்தரும் பூண்டு ஆரோக்கியப்பச்சை. நிறப்பெயரை உவமையாக்கி 'என்றும்' என்னும் அடையையும் சேர்த்தது விளம்பரத்திற்கு உதவியிருக்கலாம், மொழிபெயர்ப்புக்கு உதவாது.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் இலைகளைச் சோதித்துக் களைப்பு நீக்கம், ஈரல் பாதுகாப்பு முதலிய செயல்களை விலங்காய்வுகளில் கண்டது. ஆனால் ரெசெர்ப்பினுக்குக் கிடைத்ததுபோல் ஒற்றை மூலக்கூறும் ஒற்றை இலக்கும் இங்கு வாய்க்கவில்லை. எனவே 1947இல் சோவியத் அறிஞர் லாசரெவ் ஆக்கிய 'அடாப்டோஜென்' என்னும் சொல்லின்கீழ் இச்செடி வைக்கப்பட்டது. உடலை நெருக்கடிக்கு ஒத்திசையச் செய்வது என்பது அதன் கருத்து. இலக்கு புலப்படாத மருந்துகளின் புகலிடம் இச்சொல் என்றாலும் தவறில்லை. தமிழில் இதனை 'தகவாக்கி' எனின் வேதிப்பொருளின் பெயராகத் தோன்றிவிடும். 'உடல்தேற்றி' என்பது சித்த மருத்துவ வழக்கோடு இயைந்து, விளைவை மட்டும் கூறி இலக்கைப் பற்றி வாளாவிருக்கும். அறியாததை அறிந்ததுபோல் காட்டாத இந்த இரண்டாஞ்சொல்லே ஏற்புடையது.

ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விட்டுணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ஆக்கிய மருந்து 'ஜீவனி' எனப்பட்டது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் வழங்கப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், உரிமைத்தொகை 2 விழுக்காடு. இரண்டிலும் பாதி காணிக்காரர்க்கு என்பது ஏற்பாடு. 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் பணம் அதற்கு மாற்றப்பட்டது. பயன்பகிர்வுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி இது. எனினும் காணி மருத்துவர்களாகிய 'பிலாத்தி'கள் சிலர் 1995இலேயே எழுத்து மூலம் எதிர்த்தனர். வழிகாட்டிகள் சொன்னது முழுச் சமுதாயத்தின் அறிவு, அதைத் தர அவர்க்கு உரிமையில்லை என்பது அவர்தம் வாதம். 'தகவலாளி' என்று களமொழியியலில் இயல்பாக வழங்கும் சொல்லுக்குள் இவ்வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது: ஒருவர் சொன்னார் என்பது, ஒரு மொழிச் சமூகம் இசைந்தது என்பதாகுமா?

அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரளக் காணி' என்னும் வரையறை உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பொழியூர்க் கடற்கரையில் முடியும் அந்த எல்லைக்கோடு மலையில் காணிக்குடிகளையும் பிரித்தது. பேச்சிப்பாறையிலும் பாபநாசத்திலும் வாழும் காணிக்காரர் அப்பங்கீட்டுக்கு வெளியே நின்றனர். இதற்கிடையே 'ஜீவனி' என்னும் பெயரை அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் நாட்டில் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. அதற்கு இலையும் தேவைப்படவில்லை, மூலக்கூறும் தேவைப்படவில்லை. சொல் ஒன்றே போதுமானதாயிற்று.