பெயர்ப்பலகை இல்லாத துறை



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு தலைச்சோலைக்கு வந்திருந்தார். பெண் சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறது. "தாத்தா, ஆர்கானிக் சோலார் செல்லில் பிஎச்.டி. பண்ணணும். எங்க தேடினாலும் அந்தப் பேர்ல டிபார்ட்மென்டே இல்ல. வேற சப்ஜெக்டுக்கு மாறிடவா?" என்று கேட்டது.

"ஆர்கானிக்னா சாணி உரம் போட்ட காப்பி மாதிரியா?" என்றார் என் வீட்டுக்காரம்மா. இல்லை. இங்கே ஆர்கானிக் என்றால் கரிமம், அதாவது கார்பன் சேர்மங்கள்.

எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது என்றுதான் உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் வேலைக்குச் சேரும் முன்பே அது பொய்த்துவிட்டது.

டோக்கியோவில் ஷிராகவாவின் ஆய்வகத்தில் ஒருமுறை வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள். கறுப்புத் தூள் வரவேண்டிய இடத்தில் வெள்ளிபோல மின்னும் படலம் வந்தது. பிறகு ஜப்பான் போன அமெரிக்கப் பேராசிரியர் மெக்டையர்மிட், ஒரு கருத்தரங்கின் இடைவேளையில் தற்செயலாக அதைக் கேள்விப்பட்டு, ஷிராகவாவைப் பென்சில்வேனியாவுக்கே அழைத்துவிட்டார். அங்கே படலத்தில் அயோடின் ஆவியைச் சேர்த்ததும் கடத்துதிறன் கோடி மடங்கு ஏறியது. 1977-இல் கட்டுரை வந்தது. 2000-இல் நோபல் பரிசு.

அந்த மூவரில் மெக்டையர்மிட் வேதியியல் துறை, ஹீகர் இயற்பியல் துறை, ஷிராகவா பாலிமர் ஆள். பிறக்கும்போதே மூன்று வீட்டுப் பிள்ளை! 1986-இல் இரண்டு கரிம அடுக்குகளை வைத்துச் சூரிய மின்கலம் செய்து காட்டிய டாங்க், கோடாக் என்ற ஃபிலிம் கம்பெனியில் இருந்தவர். அதன் திறன் 1 சதவீதம்தான். 1954-இல் வந்த முதல் சிலிக்கான் கலமே 6 சதவீதம் கொடுத்தது. இன்று ஆய்வகங்களில் கரிமக் கலம் 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மை மாதிரி பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கலாம், மங்கலான வெளிச்சத்திலும் பரவாயில்லாமல் வேலை செய்யும் (நம் ஊர்ப் பனிக்கு நல்லதுதான்). ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆராய்ச்சி செய்ய வருபவர்களுக்கு வேலை அங்கேதான் மிச்சம் இருக்கிறது.

அதனால் துறையின் பெயரைத் தேடாதே, பேராசிரியர்களின் கட்டுரைகளைத் தேடு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் 'திண்ம நிலை, கட்டமைப்பு வேதியியல்' என்ற பிரிவுக்குள் இது நடக்கிறது. ஜக்கூரில் 1989-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு மையத்தில் 'பொருள்களின் வேதியியல், இயற்பியல்' என்ற பெயரில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் இருக்கிறது. நம் காரைக்குடி செக்ரியையும் பார்க்கச் சொன்னேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மின்வேதியியல்தான் அவர்கள் தொழில் என்றாலும், சாயம் பூசிய சூரியக் கலங்களில் வேலை செய்திருக்கிறார்கள்.

நெட் தேர்வையும் வேதியியல் தாளாகவே எழுதலாம், மாற வேண்டியதில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் உதவித்தொகைக்கும் வழி பிறக்கும். அப்பாவின் தோட்டக் கூலியை நம்பியிருக்க வேண்டாம்.

பெண் நான்கு பேராசிரியர்களுக்கு மெயில் எழுதிவிட்டது. உங்களில் யாராவது இந்த ஆய்வகங்களில் இருந்தாலோ, இருந்தவர்களைத் தெரிந்தாலோ எனக்கு ஒரு போன் போடுங்கள். மெயிலில் என்ன எழுதினால் பதில் வரும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாது.