டொறதியின் பயணம் கனவானது எப்படி?

ஒருவர் இயற்றிய நூலைப் பின்வந்த வேறொருவர் தம் போக்கில் மீண்டும் சொல்லும்போது எவ்வளவு தூரம் மாற்றலாம்? இவ்வினாவுக்கு நன்னூலார் என்றோ விடை வகுத்துவிட்டார். முன்னோர் நூலின் முடிபை ஒத்து நின்று, தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல். ஒரு சிறு பகுதியில் மட்டும் ஒத்து, ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். இவ்வளவுகோல், நாவல்களைத் திரைப்படமாக்கும் இக்காலத்துக்கும் பொருந்தும். அமெரிக்கச் சிறுவர் நாவல் ஒன்றின் வரலாற்றை இதனைக் கொண்டு அளந்து பார்ப்போம்.

எல். பிராங்க் போம் என்பவர் எழுதிய ‘ஒஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ என்னும் நாவல் 1900ஆம் ஆண்டிலே சிக்காக்கோ நகரில் வெளியாயிற்று. கன்சாஸ் மாநிலத்தில் மாமனோடும் மாமியோடும் வாழும் டொறதி என்னும் ஏழைச் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று, ஒஸ் என்னும் விந்தை நாட்டில் இறக்கிவிடுகின்றது. வெருளி, தகர விறகுவெட்டி, கோழைச் சிங்கம் ஆகிய மூவரும் அவளுக்கு வழித்துணையாகின்றனர். வெருளிக்கு மூளை வேண்டும். விறகுவெட்டிக்கு இருதயம் வேண்டும். சிங்கத்துக்குத் தைரியம் வேண்டும். ஆயினும் வழியில் நேரும் இடர்களைத் தீர்ப்பன வெருளியின் யோசனையும், விறகுவெட்டியின் இரக்கமும், சிங்கத்தின் துணிவுமே. தேடியது தம்மிடமே இருந்தது என்பதை அவர்கள் நடந்தே அறிகின்றனர்.

பாத்திரங்களை மாற்றும் வேலை ஆசிரியர் உயிரோடிருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1902இல் இக்கதை சிக்காக்கோவில் இசை நாடகமாக அரங்கேறியபோது டொறதியின் நாய்க்குட்டி மறைந்து, அதன் இடத்தில் ஒரு பசு வந்து நின்றது. போம் 1919இல் காலமானார். 1925இல் லாரி செமன் எடுத்த மௌனப் படத்திலோ, டொறதி ஒஸ் நாட்டின் காணாமற்போன அரசகுமாரியானாள். குடியானவர் வீட்டுப் பிள்ளை தன் காலால் நடந்து பெற்ற பெருமை, பிறப்பினால் வந்த பெருமையாகச் சுருங்கியது.

உலகமெல்லாம் அறிந்த படம் 1939இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வெளியிட்டதாகும். இயக்குநராகப் பெயர் பெற்றவர் விக்டர் பிளெமிங். டொறதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் படப்பிடிப்பின்போது வயது 16. நூலில் டொறதி அணிந்தவை வெள்ளிச் சப்பாத்துக்கள். ரெக்னிக்கலர் வர்ணத்தில் எடுப்பாகத் தோன்றும்பொருட்டு அவை மாணிக்கச் சப்பாத்துக்களாயின. நூலில் விறகுவெட்டி கோடரியால் 40 ஓநாய்களை வெட்டி வீழ்த்துகிறான். படத்தில் இக்காட்சி இல்லை. இவற்றை வேண்டிய வேறுபாடுகள் என்றே ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால், சூனியக்காரி அழியும் இடத்தை நோக்குக. நூலிலே அவள் சூழ்ச்சியால் டொறதியை இடறி விழச்செய்து, ஒரு சப்பாத்தைப் பறித்துக்கொள்கிறாள். திருப்பித் தா என்று கேட்டும் மறுக்கவே, சிறுமி சினந்து அருகிலிருந்த வாளித் தண்ணீரை அவள்மேல் வீசுகிறாள். சூனியக்காரி கரைந்து போகின்றாள். டொறதியோ பயந்து திகைத்தாலும், நிலத்தைக் கழுவிக் கூட்டி, சப்பாத்தைத் துடைத்து அணிந்துகொள்கிறாள். படத்திலே சூனியக்காரி வெருளிக்குத் தீ வைக்கிறாள். அதை அணைக்க வீசிய தண்ணீர் தற்செயலாக அவள்மேற் படுகின்றது. நண்பனைக் காக்கும் அன்பு அழகியதே. எனினும், அநீதியை எதிர்த்துச் சினந்த சிறுமி மறைந்துவிட்டாள். தன்னை அறியாமல் வென்ற சிறுமியே எஞ்சுகிறாள்.

முடிபிலேதான் பெரும் பேதம். நூலில் டொறதி மெய்யாகவே திரும்பி வருகிறாள். சப்பாத்துக்கள் பாலைவனத்தில் விழுந்து மறைகின்றன. சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமன் கட்டிய புதுவீடு எதிரே நிற்கிறது. 1910இல் வந்த ஆறாம் நூலில், கடனால் நிலத்தை இழக்கும் நிலையிலிருந்த மாமனையும் மாமியையும் அவளே ஒஸ் நாட்டுக்கு அழைத்துச் சென்று குடியமர்த்துகிறாள். படத்திலோ அவள் கட்டிலில் கண்விழிக்கிறாள். நடந்தவை யாவும் கனவு! தான் போன நாடு மெய்யானது என்று சொல்கிறாள். சூழ நின்ற பெரியோர் அன்போடு புன்னகை செய்கின்றனர்.

வீட்டின் அருமையை உணர்த்தவே இம்மாற்றம் எனச் சிலர் கூறுவர். நூலின் டொறதியும் முதல்நாள் தொட்டு வீட்டையே நாடுகிறாள். அதற்குக் கனவு தேவைப்படவில்லை. அப்படம் இல்லையேல் இந்நாவலைப் பலர் அறிந்திரார் என்பதும், ஜூடி கார்லண்டின் நடிப்பும் குரலும் மறக்கற்பாலன அல்ல என்பதும் உண்மை. ஆயினும் முடிபு மாறியதால், அது வழிநூலன்று, சிறந்ததொரு சார்புநூல்.

அப்படத்தின் செல்வாக்கோ முதனூலையும் மறைத்துவிட்டது. போம் படைத்த சூனியக்காரி ஒற்றைக் கண்ணுடையவள். பச்சை நிற மேனி 1939ஆம் ஆண்டுப் படம் தந்தது. 1995இல் கிரகரி மக்வயர் அச்சூனியக்காரியையே தலைவியாக்கி ‘விக்கிட்’ என்னும் நாவலை எழுதியபோது, போமின் பெயரெழுத்துக்களைக் கொண்டு அவளுக்கு எல்ஃபபா எனப் பெயரிட்டார். நிறத்தையோ படத்திலிருந்து எடுத்தார். அது 2003இல் இசை நாடகமாகவும், 2024இலும் 2025இலும் இரு பாகத் திரைப்படமாகவும் வந்தது. தான் வேறு கதை என்று அது வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வதால் அதனோடு நமக்கு வழக்கில்லை.

நூலை முன்னர்ப் படித்துப் பின்னரே படத்தைக் கண்ட எனக்கு, அக்கட்டிற் காட்சி இன்றும் உறுத்துகின்றது. ஒரு பிள்ளை நடந்து, அஞ்சி, வென்று, மீண்டு வந்து சொல்வதைக் கனவென்று ஆக்குவது எளிது. அவள் பெற்ற அநுபவத்தை அவளுடையதாகவே விட்டுவைப்பதுதான் அரிது. முதனூல் அதைச் செய்தது. ஆதலால், வாலிப அன்பர்களே, படத்தை மகிழ்ந்து பாருங்கள். முதனூலையும் தேடிப் படியுங்கள். பெரியோர்களும் உடன் படிப்பார்களாயின், டொறதி சொல்வதை நம்புவார்கள்.