மண் கொட்டுவதற்கு முன் எடுத்த படங்கள்

செக் ஜாவா என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கடல்மேல் வளைந்துபோகும் நடைபாலம்தான். 2007 ஜூலையில் திறந்த பாலம் அது. எனக்கு அதற்கு ஆறு வருடம் முன்னால், பாலம் என்ற யோசனையே இல்லாதபோது, பொழுதுபோக்காகக் கேமரா தூக்கியவர்கள் எடுத்த படங்கள்மேல்தான் ஈர்ப்பு. அவை இல்லாமல் போயிருந்தால் பாலத்துக்குக் கீழே கடலும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இடம், புலாவ் உபின் தீவின் கிழக்கு முனை. நீர் நன்றாக இறங்கும் நாளில் மணல்திட்டு, கடற்புல், பவளச் சிதைவுகள், பாறைக்கரை, சதுப்புக்காடு எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் அடுத்தடுத்து வெளியே வரும். அத்தனையையும் மண் கொட்டி மூடுவதாகத் திட்டம். 1990களின் தொடக்கத்திலேயே போட்டது. வேலை 2001 கடைசியில் தொடங்க வேண்டும். இதைத் தமிழில் ‘நில மீட்பு’ என்று எழுதுகிறோம். கடல் நம்மிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது, மீட்பதற்கு?

2000 டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போனார். பார்த்ததை மற்றவர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நீரிறக்கத்துக்கும் சாங்கியிலிருந்து ஆட்கள் படகேறினார்கள், பலர் கேமராவோடு. அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சுவா ஈ கியம். தொழில், பல் மருத்துவம். உபினைப் பற்றி 2000இலேயே ஒரு படநூல் கொண்டுவந்திருந்தார். 2002இல் செக் ஜாவாவுக்கென்றே இன்னொன்று. (நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கு அவரோடு ஆரம்பிக்கவில்லை. கேத்தே திரையரங்குகளின் முதலாளி லோக் வான் தோ 1957இலேயே தன் பறவைப் படங்களை நூலாக்கிவிட்டார். ஆனால் அவர் கோடீஸ்வரர். 2001இல் சேற்றில் இறங்கியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்.)

பெரும்பாலும் ஃபிலிம் காலம், சுருளுக்கு 36 படம். கண்டபடி அமுக்க முடியாது. ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகமும் தொண்டூழியர்களும் எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஓர் இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று மனுப் போட்டால் வருகிற முதல் கேள்வி, “அங்க அப்படி என்னதான் இருக்கு?” வெறும் சேறு என்று நினைத்திருந்தவர்களுக்கு உள்ளங்கையைவிடப் பெரிய நட்சத்திர மீனையும் விரித்த பாய்போல் கிடக்கும் கடற்சாமந்தியையும் படமாகக் காட்டினார்கள். செய்தித்தாள்களில் படங்கள் வந்தன. கடைசி மாதங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள், இழவு வீட்டுக்குப் போவதுபோல.

வேலை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சு அதை உறுதிப்படுத்தியது.

கதையை இங்கேயே வெற்றி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அடுத்த பகுதிதான் பெரியது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம். கோத்தா திங்கி மூழ்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மழைநீர் ஜொகூர் ஆறு வழியாக வந்து உபின் பக்கத்துக் கடலின் உப்பைக் குறைத்துவிட்டது. செக் ஜாவாவில் கடற்சாமந்திகள் வெளிறின. நட்சத்திர மீன்களும் கடற்பஞ்சுகளும் செத்துப்போயின. ரியா டான் போன்ற ஆர்வலர்கள் அதையும் படமெடுத்தார்கள். திரும்பத் திரும்பப் போய், உயிர்கள் மெல்ல மீண்டு வருவதையும் எடுத்தார்கள். நான் பொறியியல்காரன். ஓர் இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்ல, அது நன்றாக ஓடியபோது எடுத்த அளவு கையில் இருக்கணும். 2001இன் படங்கள்தான் அந்த அளவு.

என் வயதுக்காரர்கள் பகிரும் படங்களில் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இதுதான். நீர்நாய், இருவாய்ச்சி, மெர்சிங் கடற்கரைப் பால்வீதி எல்லாம் பிரமாதமாக இருக்கின்றன; தேதி இல்லை. கூடு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் மறைப்பது சரிதான், சொன்னால் மறுநாளே பத்து முக்காலி நிற்கும். தேதியை மறைக்க என்ன காரணம்? நீரிறக்கமா ஏற்றமா என்றுகூட ஒரு வரி இல்லை.

செக் ஜாவாவுக்கு 2002இல் கிடைத்தது ஒத்திவைப்பு, அதுவும் உபின் வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரை மட்டும். சிங்கப்பூரில் சட்டப்படி இயற்கைக் காப்பகங்கள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடோர். செக் ஜாவா அந்த நான்கில் இல்லை.