மணியும் வெந்நீரும் மணலும்

இலங்கையின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவியும் கடலும் மணலுமாய் நீண்டு கிடப்பது வாகரைப் பிரதேசம். அதன் வட எல்லைப்புறத்தில் மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலொடு கலக்கின்றது. மார்கழி மாதத்து வாடைக்காற்று ஓய்ந்தபின் இக்கரையில் உலாவுவோர், வெண்மணற் பரப்பின்மீது மைதீற்றியது போன்ற கரிய கோடுகளைக் காண்பர். ஒருமுறை எம் வகுப்பு மாணவர் சிலர் அம்மணலை ஒரு போத்தலில் அள்ளி வந்து, அதனுள்ளே காந்தத்தை நுழைத்துப் பார்த்தனர். சில துணிக்கைகள் காந்தத்தைப் பற்றிக்கொண்டன. பெரும்பகுதி அசையாது கிடந்தது. “ஐயா, இது வெறும் மணலா, அல்லது வேறு பொருளா?” என்று அவர்களுள் ஒருவன் வினவினான். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மண்ணின் வரலாற்றை முதலில் நோக்குவோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான பாறைகளால் ஆயது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாறைகள் நிலத்தின் ஆழத்திலே கடும் வெப்பமும் அழுத்தமும் உற்று உருமாறின. நாட்டின் நடுவே அமைந்தவற்றை உயர்நிலத் தொகுதி என்றும், கிழக்கே அமைந்தவற்றை விசயன் தொகுதி என்றும் நிலவியலார் வகுப்பர். மழையும் ஆறும் இப்பாறைகளை அரித்து வர, கனத்த மணிகள் மலையடிவாரத்துச் சரளைப் படுக்கைகளில் தங்கின. இரத்தினபுரியில் அகழப்படும் நீலமும் மாணிக்கமும் இவ்வாறு தங்கியவையே. எஞ்சிய நுண்துகள்கள் ஆற்றொடு கடலை அடைந்தன. அங்கே அலை ஒரு சுளகு போலத் தொழிற்பட்டது. சாதாரண வெண்மணல் நீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு கனமுடையது, இல்மனைற்றோ 4.7 மடங்கும், சிர்க்கன் 4.6 மடங்கும் கனமுடையவை. எனவே அலை இலேசானதை வாரிச் சென்று கனத்ததைக் கரையிலே விட்டது. காந்தத்தில் உடனே ஒட்டியது மக்னற்றைற்று. ஒட்டாது கிடந்தவற்றுள் இல்மனைற்று முதன்மையானது. அதனைக் கவர வலிய காந்தம் வேண்டும். செந்நிறமாய்த் தோன்றுவது காணற்று. நவமணிகளுள் வைத்து எண்ணப்படும் கோமேதகமும் இக்காணற்றுக் குடும்பத்ததே. ஆகவே, அரசர் முடியிலே இருந்த மணியும் நம் காலடியில் மிதிபடும் மணலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனல் மிகையாகாது.

ஆயினும் வரலாறு அவ்விரண்டையும் ஒரு கண்கொண்டு நோக்கவில்லை. மணியின் பெருமை ஏடுகளில் நிரம்பக் காணப்படுகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி என்னும் யவன அறிஞர் இலங்கையின் விளைபொருள்களைக் கூறுமிடத்து, அரிசி, தேன், இஞ்சி என்பவற்றோடு மணிக்கற்களையும் பொன்னையும் குறித்தார். 6ஆம் நூற்றாண்டினரான கொசுமாசு, இங்குள்ள கோயிலொன்றின்மேல் நெருப்பென ஒளிர்ந்த பெருமணியொன்றைப் பற்றிக் கேள்வியுற்று எழுதினார். 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த இபின் பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றைக் கண்டதாகக் கூறுகின்றார். இக்குறிப்புகள் யாவும் அரசனையும் வணிகனையும் பற்றியவை. அகழ்ந்தவனைப் பற்றி அவை பேசா.

மணியாகாத கனிப்பொருள்களையும் முறைப்படி ஆராயும் காலம் பின்னரே வந்தது. அவ்வாராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவர் நம்மவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பது மாணவர் பலர் அறியாத செய்தி. கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறுமுன்னர், 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராய் இருந்தார். பிரயர் என்னும் அறிஞரோடு சேர்ந்து புதிய கனிப்பொருளொன்றை உலகுக்கு அறிவித்து, இந்நாட்டின் பழம்பெயராகிய ‘செரெந்தீபு’ என்பதனடியாகச் செரெந்திபைற்று என அதற்குப் பெயரும் இட்டார். கல்லை ஆராய்ந்த கண்ணே பின்னர் சிற்பத்தையும் ஆராய்ந்தது.

இனி வெந்நீரைப் பற்றி நோக்குவோம். வாகரையிலிருந்து வடக்கே சென்று திருகோணமலையை அடைந்து, அநுராதபுர வீதியில் சிறிது தூரம் செல்லின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காணலாம். சதுரமாய்க் கட்டப்பெற்ற, ஆழங்குறைந்த ஏழு சிறு கிணறுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்றன் வெம்மை மற்றொன்றன் வெம்மையின் வேறாயிருப்பது யாவர்க்கும் வியப்பளிப்பது. தன் தாய்க்கு ஈமக்கடன் செய்தற்பொருட்டு இராவணன் இவ்வூற்றுகளைத் தோற்றுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. அதனாலன்றோ இந்துக்கள் தம் பெற்றோர்க்குரிய கடன்களை இங்கு ஆற்றி நீராடி வருகின்றனர்!

இலங்கையில் எரிமலை இல்லை. எனின் இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழம் இறங்குகின்றது. நிலத்தினுள்ளே ஒரு கிலோமீற்றர் இறங்க ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியே மேலெழுகின்றது. அம்பாறை மாவட்டத்து மகாஓயா, தெற்கே மகாபெலெச முதலிய வெந்நீரூற்றுகளையும் கன்னியாவையும் படத்திற் குறித்து நோக்கின், அவை முன்னர்க் கூறிய உயர்நில, விசயன் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டி ஒரு நிரையாய் அமைந்திருத்தல் புலனாகும்.

பிறநாடுகளிலும் இத்தகைய ஊற்றுகள் தெய்வத்தோடு தொடர்புற்றிருந்தன. இமாசலப் பிரதேசத்து மணிகர்ண் என்னும் தலத்திலே, பார்வதி தேவியின் காதணி மணி நீரில் வீழ்ந்ததாகவும், அதனை மீட்கும்பொழுது வெந்நீர் பீறிட்டதாகவும் கதை வழங்குகின்றது. இங்கிலாந்தின் பாத் நகரிலே ஏறத்தாழ 46 பாகை வெம்மையுடைய ஊற்றின் அருகே உரோமர் கோயிலும் குளிப்பகமும் கட்டினர். அங்குள்ள பழைய வடிகாலிலே உருவம் செதுக்கிய மணிக்கற்கள் பல கண்டெடுக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் அந்நகர் செல்வர் கூடும் உல்லாச நகராயிற்று. ஊற்றுநீரின் குமிழியைச் செயற்கையாக ஆக்கும் வழியைப் பிரீசிலி 1767ஆம் ஆண்டிற் கண்டார். 1783ஆம் ஆண்டில் செனீவா நகரில் சுவெப்பு என்பார் அதனை வாணிகமாக்கினார். நம்மூர்க் கடையிலே விற்கும் சோடாவின் மூதாதை இதுவே. 2021ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் பாத் உள்ளிட்ட ஐரோப்பிய ஊற்று நகரங்கள் பதினொன்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்கே ஊற்றைக் காத்தது பெரிதும் செல்வம். கன்னியாவிலே ஊற்றைக் காத்தது மக்களின் கடமையுணர்ச்சி. 2019ஆம் ஆண்டில் கன்னியாவைப் பற்றிய பிணக்கு திருகோணமலை மேல்நீதிமன்றம் வரை சென்றமையும், மக்கள் அவ்விடத்தை எத்துணைப் பற்றுடன் கருதுகின்றனர் என்பதற்குச் சான்றாகும்.

மணிக்கு அரசன் இருந்தான்; வெந்நீருக்குக் கதை இருந்தது. மணலுக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து செருமனிக்கு ஏற்றுமதியான கயிற்றிலே ஒட்டியிருந்த மணலை 1909ஆம் ஆண்டில் சோம்பேர்க்கு என்னும் செருமானியர் ஆராய்ந்து, அதில் மொனசைற்று இருப்பதைக் கண்டார். விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் தொழில் தொடங்கிற்று. கரையில் வாழ்ந்தோர் அறியுமுன்னரே கடல்கடந்த ஒருவர் அவர்தம் மணலின் விலையை அறிந்துகொண்டார். நம் நாட்டிலே, புல்மோட்டை மணலை எடுத்தற்கென 1957ஆம் ஆண்டில் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. அம்மணலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கனத்த கனிப்பொருள்களே. அவற்றிலிருந்து கிடைக்கும் தைற்றேனியம் ஒட்சைட்டு வெண்ணிற வர்ணப்பூச்சுக்கும் கடதாசிக்கும் பயன்படுவது. ஆனால் பிரித்த மணல் பெரும்பாலும் அவ்வாறே வெளிநாடு சென்றது. அண்மைய ஆண்டுகளில் வாகரை, கதிரவெளிக் கரைகளிலும் இல்மனைற்று அகழும் முயற்சிகள் எழுந்தன. மக்கள் அவற்றை எதிர்த்துக் குரல் கொடுத்தனர்.

அகழ்வு கூடவே கூடாது என்று கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தொழிலின்றி வாடும் இளைஞரை நாடோறும் காணும் ஆசிரியன் அவ்வாறு எளிதிற் கூறிவிடவும் இயலாது. ஆனால் மணலின் பயன் அதனுள் இருக்கும் இல்மனைற்று மட்டுமன்று. கடற்கரை மணல் மழைநீரை உறிஞ்சித் தன்னுள் வைத்திருக்கின்றது. அந்நன்னீர் உப்புநீரிலும் இலேசானதாதலின் அதன்மேல் மிதந்து நிற்கும். அதனாலேயே கடலுக்கு மிக அண்மையிலும் குடிநீர்க் கிணறு தோண்ட இயல்கின்றது. பனிச்சங்கேணி, காயான்கேணி என நம் ஊர்ப்பெயர்கள் ‘கேணி’ என முடிதலை நோக்குக. இந்நிலத்தில் முதலிற் குடியேறியோர் நன்னீரையே ஊரின் அடையாளமாகக் கொண்டனர் என்பது அப்பெயர்களால் விளங்கும். மணல் மேடு தாழின் நன்னீரின் இருப்புக் குறையும். உவர் உள்ளே புகும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி வந்து வாகரையை அழித்ததைக் கண்டோர்க்கு, கரைமேட்டின் அருமையை வேறு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின் வாகரையின் கனிப்பொருள் வரலாற்றை எழுதப் புகுவோன் மணியிலிருந்து தொடங்கலாகாது. கேணியிலிருந்தே தொடங்கல் வேண்டும். எவ்வூரில் எக்கேணி எத்தனை முழத்தில் ஊறிற்று, எவ்வாண்டில் உவர்த்தது, கரை எவ்வளவு உள்வாங்கிற்று என்பவற்றை முதியோர் இன்றும் அறிவர். அவ்வறிவு எழுத்தில் ஏறவில்லை. அதனை மாணவர் கேட்டு எழுதி வைப்பாராயின், நாளை எவரேனும் மணலுக்கு விலை பேச வரும்பொழுது, நம்மிடம் கூச்சல் மட்டுமன்றிச் சான்றும் இருக்கும்.

வள்ளுவர் கல்விக்கு உவமையாக எடுத்தது மணற்கேணியையே. தோண்டுந்தோறும் ஊறுவது அது. ஆயின் ஊறுதற்கு மணல் அங்கே இருத்தல் வேண்டும். போத்தலில் மணலை ஏந்தி நின்ற அம்மாணவனுக்கு யாம் கூறத்தக்க விடை இதுவே: “தம்பி, இது வெறும் மணலன்று. இதன் வரலாற்றை நீயே எழுது.”