வாசிக்காமல் விட்ட இடம்



நேற்று பேத்தியின் ஹெட்போனை வாங்கி, '96' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இசை கோவிந்த் வசந்தா. கேரளத்து 'தைக்குடம் பிரிட்ஜ்' ராக் குழுவின் வயலின்காரர். 2018-இல் படம் வந்தபோது, ராக் என்றால் காது கிழியும் என்று ஒதுங்கியிருந்தேன். இதிலோ பேச்சு நின்ற இடத்தில் வயலின் மெல்ல நுழைகிறது.

அதைவிட, மனிதர் எங்கே வாசிக்காமல் விட்டார் என்று கேளுங்கள். மின்வெட்டு இருட்டில் ஜானு 'தளபதி' (1991) பாட்டை வெறும் குரலில் பாடுகிறாள். ராமும் ஜானுவும் வளர்ந்ததே இளையராஜா பாட்டில்தானே! அதன்மேல் தன் வாத்தியத்தை அவர் ஏற்றவில்லை.

கதை தஞ்சாவூர்ப் பள்ளியில் நடக்கிறது. எனக்கு என்னவோ நம் அரியலூர்தான் தெரிந்தது. 1996-இல் நாம் பெரம்பலூர் மாவட்டம். நிலையாகப் பிரிந்தது 2007-இல்தான். அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் சதா பெஞ்சில் தாளம் போடுவான். ஒருநாள் விரலிலேயே பிரம்பால் அடித்துவிட்டேன். அதன்பிறகு அவன் தாளம் போடவே இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடுப்பா. நம்பர் மாறவில்லை.